தம்பியின் கை

முதலில் ஒரு மாடு காணாமல் போனது.

கரும்பு வெட்டு தொடங்கிய வாரம் அது. தீவின் தென்கரையில், சுயாக் பட்டணத்துக்கு மேலே இருக்கிற எங்கள் ஊரில், சிறு தோட்டக்காரர்களின் வண்டிகள் ஆலைக்குப் போகும் வழியில் பாலான்ஸில் (வண்டியை அப்படியே ஏற்றி நிறுக்கும் மேடை) நின்று போகவேண்டும். அங்கே எடை எழுதுவது என் வேலை. வண்டி, மாடு, கட்டு எல்லாவற்றையும் எண்ணிப் பழகிய கண் என்னுடையது. அன்று காலை மேடைமேல் ஏறிய வண்டியில் ஒரே ஒரு மாடுதான் பூட்டியிருந்தது. இவ்வளவு பாரத்தை ஒற்றை மாடு எப்படி இழுத்து வந்தது என்று வண்டிக்காரனைக் கேட்டேன்.

"என்னா கிளார்க்கையா, காலையிலேயே வெளையாட்டு? ரெண்டும் ஒங்க மூஞ்சிக்கு முன்னாலதான நிக்குது" என்றான்.

அவனைத் திட்டுவதற்காகத் திரும்பினேன். இடது கால் என்னைக் கேட்காமல் மடங்கிவிட்டது. வலி இல்லை. விழுந்த பிறகும் வலது கையிலிருந்த பென்சிலை விடவில்லை என்று பின்னால் சொன்னார்கள்.

வீட்டில் ஒருவர் இப்படி ஒரு பக்கமாக விழுந்து கிடக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். விழுந்தவனுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று சுற்றியிருப்பவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் பலருக்குப் பேச்சு போய்விடுகிறது. எனக்கு வாய் கோணிப்போனதே தவிரப் பேச்சு போகவில்லை. வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. நடந்ததைச் சொல்கிறேன்.

சுயாக்கிலிருந்து டாக்டர் குதிரை வண்டியில் வந்தார். எமிப்லெஜி என்றார் (உடம்பின் ஒரு பாதி மட்டும் செயலிழந்து போவது; நாம் பக்கவாதம் என்கிறோம்). மூளையின் வலது பக்கத்தில் ரத்தம் தடைப்பட்டால் உடம்பின் இடது பக்கம் விழுந்துவிடும் என்று விளக்கினார். எதற்காக இப்படிக் குறுக்கும் நெடுக்குமாக வைத்திருக்கிறது என்று கேட்டேன்.

"அதைப் படைத்தவரிடம் கேளுங்கள், முசியே வீராசாமி. நான் படித்தவன் மட்டும்தான்" என்றார் (முசியே என்பது பிரெஞ்சில் ஐயா).

புரட்டிப் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். இல்லாவிட்டால் முதுகில் புண் வருமாம். கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக, தலையை உயர்த்தி வைத்துக் கொடுக்கச் சொன்னார். மீதியை நாள்தான் சொல்லும் என்று போய்விட்டார்.

என் கட்டிலை முன்னறையில் தலைமாடு சுவரில் படும்படி போட்டிருந்தார்கள். வாசலும் அடுப்படியும் கடலும் எனக்கு இடது பக்கம். எங்கள் கரைக்கு முன்னால் பவளத் திட்டு கிடையாது. தீவின் மற்றப் பக்கங்களில் அலை தொலைவிலேயே உடைந்து விழுந்துவிடும். இங்கே நேராக வந்து பாறையில் அடிக்கும். அந்தச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. என் மனைவி காமாட்சி வலப்பக்கம் தெரிவாள், நடப்பாள், பாதி அறையில் இல்லாமல் போவாள். அதற்கப்புறம் அவள் குரல் மட்டும் வரும். மகன் அருணாசலம் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நடுவிலேயே கரைந்து போவான். வீட்டில் ஆட்களை எண்ணிப் பார்ப்பேன். எப்போதும் குறைவாகவே வந்தது. யாரையோ கடல் கொண்டுபோகிறது, எனக்குச் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஒருநாள் காலை என் வயிற்றின்மேல் ஏதோ குளிர்ந்து கிடந்தது. வலது கையால் தடவினேன். ஓர் ஆணின் கை. எங்கள் தீவில் ஆடி மாதம் குளிர்காலம்தான், ஆனாலும் அந்தக் கையின் குளிர் வேறு மாதிரி இருந்தது. நனைத்து எடுத்த மாதிரி. காமாட்சியைக் கூப்பிட்டேன்.

"இது யார் கை?"

"ஒங்க கைதாங்க."

"என் கை எனக்குத் தெரியாதா? போர்வைக்குள்ளே யாரோ படுத்திருக்கான் பார்."

அவள் போர்வையை விலக்கினாள். கை வயிற்றின்மேல் கவிழ்ந்து கிடந்தது. விரல்களை எண்ணினேன். நான்கு. மறுபடியும் எண்ணினேன். நான்கு. சுண்டுவிரல் இல்லை.

நான்கு விரல் கொண்ட இடது கை எங்கள் வீட்டில் ஒருவனுக்குத்தான் இருந்தது. என் தம்பி மாணிக்கம். ஆலையில் உருளைக்குள் கரும்பைத் தள்ளும் வேலையில் அவன் சுண்டுவிரல் போயிற்று. அதன் பிறகு அவனுக்கு ஆலை பிடிக்கவில்லை. பாறையில் நின்று தூண்டில் போடுவான். கல்யாணமாகி இரண்டாம் வருஷம், ஒரு மத்தியானம் மீன்கூடை மட்டும் திரும்பி வந்தது. உடம்பு கிடைக்கவில்லை. தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரித்தோம். அதெல்லாம் முப்பது வருஷத்துக்கு முந்திய கதை.

"மாணிக்கம் வந்து படுத்திருக்கான்" என்றேன். "குளிர்ந்துபோய்க் கிடக்கிறான். அவனுக்கு வேறே போர்வை கொடு."

அந்தப் பக்கத்திலிருந்து, என் கண்ணுக்கு எட்டாத இடத்திலிருந்து, யாரோ தரையில் தொப்பென்று உட்காரும் சத்தம் கேட்டது. அது தாயம்மா.

தாயம்மா என் தம்பியின் மனைவி. அவன் போன பிறகும் எங்களோடுதான் இருந்தாள். எங்கள் வழக்கத்தில் நான் அவளுக்கு மூத்தார், அதாவது கணவனின் அண்ணன். தம்பி மனைவி மூத்தார் எதிரில் உட்காரமாட்டாள். நேருக்கு நேர் பேசமாட்டாள். கை தவறிக்கூடத் தொடமாட்டாள். ஏதாவது சொல்லவேண்டுமானால் காமாட்சியிடம் சொல்லுவாள், அல்லது நான் கேட்கும்படி சுவரிடம் சொல்லுவாள். முப்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். அவள் குரல் எனக்குத் தெரியும். முகத்தை நேராகப் பார்த்த நினைவு இல்லை.

அருணாசலம் பூசாரியைக் கூட்டி வந்தான். பேய் ஓட்டவேண்டுமா என்று அவனுக்குக் கவலை. பூசாரி என் வாயைக் கிளறி எல்லாவற்றையும் கேட்டார். கையைத் தூக்கிப் பார்த்தார்.

"அஞ்சு வெரல் இருக்குதேய்யா?" என்றான் அருணாசலம்.

"ஒனக்கு அஞ்சு தெரியுது. ஒங்கப்பனுக்கு நாலு தெரியுது. எண்ணுறதுல ஒங்கப்பன் என்னிக்காவது தப்பியிருக்கானா?"

பூசாரி இடது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினார்.

"கூடப் பொறந்தவன்தான? கடல்ல கெடந்தவன் குளுருக்கு ஒதுங்கியிருக்கான். அடிச்சு வெரட்டுறதுக்கு அவன் என்ன அசலா? இருந்துட்டுப் போகட்டும். அவனா எறங்குவான்."

காமாட்சி அன்றே முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். வரும் தைப்பூசத்துக்கு நான் இரண்டு கையாலும் பால்குடம் பிடித்து ஊர்வலத்தில் வருவேன் என்று. வேண்டிக்கொண்டவள் அவள், தூக்கப்போகிறவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் இடப்பக்கத்திலிருந்து இரண்டு குரல்கள் தாழ்ந்து பேசிக்கொண்டன.

"அக்கா, நான் மூத்தவரத் தொடமாட்டேன். அந்தக் கைய மட்டும் தொடச்சு எண்ண போடுறேன்."

"மூத்தவரு ஒடம்புலதானடி அது ஒட்டிக்கிட்டு இருக்கு?"

"ஒட்டிக்கிட்டிருந்தா என்ன? அது தன்னோடது இல்லன்னு அவரே சொல்லிட்டாரே."

காமாட்சி என்மேல் கழுத்துவரை போர்வையைப் போர்த்தி, இடது கையை மட்டும் வெளியே எடுத்து வைத்தாள். தாயம்மா கட்டிலின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெதுவெதுப்பான எண்ணெயின் வாசனை வந்தது. கையை யாரோ தூக்கி, நீட்டி, மடக்கி, ஒவ்வொரு விரலாக உருவிவிடுவது எனக்கு வெகு தூரத்தில் நடப்பதுபோல் இருந்தது. ஊரின் மறுகோடியில் துணி அடித்துத் துவைக்கிற மாதிரி.

அந்த வேண்டுதலுக்காக வீட்டில் விரதம் தொடங்கியதிலிருந்து எனக்கு வாழை இலையில்தான் சாப்பாடு. சாய்த்து உட்காரவைத்து முன்னால் இலை போடுவார்கள். எனக்கும் காமாட்சிக்கும் தினமும் சண்டை.

"உப்பே வைக்கவில்லை."

"எலையோட நுனியில வெச்சிருக்கேங்க."

"எங்கே இருக்கிறது? காட்டு."

"இதோ! கண்ணு முன்னால!"

இலையின் நுனி சாப்பிடுகிறவனுக்கு இடப்பக்கம் அல்லவா வரும்? எனக்கு அங்கே உப்பும் இல்லை, ஊறுகாயும் இல்லை, பொரியலும் இல்லை. எனக்குத் தெரிந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இலை காலி என்று கையை எடுத்துவிடுவேன். பாதி இலை தொடாமல் கிடக்கும்.

அந்தப் பாதியை நான் தம்பிக்கு விட்டுவைக்கிறேன் என்று வீட்டில் முடிவு செய்தார்கள். அவன் பங்கை யார் சாப்பிடுவது? கணவன் சாப்பிட்ட இலையில் மனைவி சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து என் இலை காமாட்சியுடையது. அவள் வெகுநேரம் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அரிவாள்மணையை எடுத்து வந்து, நடு நரம்பைக் குறுக்கே அறுத்து, நுனிப் பாதியைத் தாயம்மாவிடம் கொடுத்தாள்.

"இந்தா. ஒன் புருஷன் எல" என்றாள். குரலில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

முப்பது வருஷத்துக்குப் பிறகு தாயம்மா கணவனின் இலையில் சாப்பிட்டாள். அடுப்படியில் அவள் மெல்லும் சத்தம் எனக்குக் கேட்டது.

டாக்டர் இரண்டாம் முறை வந்தது நான் சாப்பிட்டு முடித்த நேரம். பாதி இலையைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிரெஞ்சில் பேசத் தொடங்கினார். வீட்டில் அது எனக்கு மட்டும்தான் புரியும்.

"இது யாருடைய கை?"

"என் தம்பியுடையது."

"எத்தனை விரல்?"

"நான்கு."

அவர் சிரிக்கவில்லை. அந்தக் கையை மெதுவாகத் தூக்கினார். என் மார்பைத் தாண்டி வலப்பக்கமாகக் கொண்டுவந்து, என் வலது கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

"இப்போது எண்ணுங்கள்."

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. நகத்தில் சின்ன வயதில் கதவிடுக்கில் பட்ட வடு. அது என் வடு.

அவர் கையைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனார். நான்கு. மறுபடியும் வலப்பக்கம் கொண்டுவந்தார். ஐந்து. வாழ்நாள் முழுவதும் எண்ணிப் பிழைத்தவனுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது.

"உங்கள் கை மட்டும் போகவில்லை, முசியே. உங்களுக்கு இடது என்ற திசையே போய்விட்டது. போனதே தெரியாத விதத்தில் போயிருக்கிறது. அதனால்தான் பாதி இலை. பாதி அறை."

"அப்படியானால் என் தம்பி?"

"அது நான் படித்த பாடத்தில் இல்லை" என்று எழுந்தார்.

அவர் சொல்லிக்கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். உப்பை இடப்பக்கமே வையுங்கள், நோயாளியே கழுத்தைத் திருப்பித் தேடட்டும். பேசுகிறவர்கள் இடப்பக்கம் நின்று பேசுங்கள். விழுந்த கையை நோயாளியே தொட்டு, என் கை என்று தினமும் சொல்லவேண்டும். சொல்லிச் சொல்லித்தான் அது திரும்பி வரும், வருமானால்.

போகும்போது, தீவில் எல்லாரும் பேசும் கிரியோலில், வீட்டாருக்குக் கேட்கும்படி ஒன்று கேட்டார். "இந்தக் கையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? இந்நேரம் கட்டையாக இறுகியிருக்கவேண்டும். இறுகவில்லை."

கதவுக்குப் பின்னால் தாயம்மா நின்றிருக்கவேண்டும். "என் ஓரகத்தி" என்றாள் காமாட்சி.

"நிறுத்தவேண்டாம் என்று சொல்லுங்கள்."

இப்படியாக உண்மை எனக்கு மட்டும் தெரிந்தது; நான் யாருக்கும் சொல்லவில்லை. அவள் வேலை டாக்டர் உத்தரவாகத் தொடர்ந்தது.

தாயம்மா கையோடு பேசினாள். நான் அந்த அறையில் இல்லாதவன் மாதிரிதான். மூத்தார் எதிரில் பேசக்கூடாது. ஆகவே மூத்தார் அங்கே இல்லை. அவனை அவள் 'நீ' என்று பேசியிருக்கிறாள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"இன்னிக்கும் பேசமாட்டியா? என்னா, ஒங்கண்ணன் பக்கத்துல படுத்து நீயும் கணக்குப் பாக்கப் பழகிட்டியா? மூத்தவருக்கு இன்னிக்கும் உப்பு பத்தலையாம். அவருக்கு எந்தக் காலத்துல என்ன பத்திச்சு, சொல்லு?"

நான் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன். என்னைப் பற்றி என் வீட்டில் என்ன நினைக்கிறார்கள் என்று அந்த மத்தியானங்களில்தான் தெரிந்துகொண்டேன்.

சில நாள் வேறு மாதிரி பேசினாள். "அன்னிக்கு மேகமா இருக்கு, போகாதன்னு சொன்னேன். காதுல போட்டுக்கிட்டியா? கொழம்பு வெச்சு மூடி வெச்சிருந்தேன். மூணு நாள் மூடியே வெச்சிருந்தேன்." அப்போது அவள் விரல்கள் அந்தச் சுண்டுவிரல் இருக்கும் இடத்துக்கு வரும். வந்து நிற்கும். மற்ற நான்கையும் உருவிவிடுவாள். அதை மட்டும் தொடமாட்டாள். அவள் கண்ணுக்கு அங்கே விரல் இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒருநாள் இப்படிச் சொன்னாள்.

"அக்கா பால்கொடம் வேண்டியிருக்கு. மூத்தவருக்குக் கை வந்துட்டா நீ எங்க போவ? திரும்பவும் அந்தத் தண்ணிக்கா? அதுக்குத்தான் நானும் அதே சாமிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். மூத்தவரு நல்லா நடக்கட்டும், பேசட்டும், ஆயிரம் எழுதட்டும். எடது கை மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்னு."

ஒரே சாமியிடம் இரண்டு வேண்டுதல்கள் போயிருந்தன. இரண்டும் என் உடம்பைப் பற்றியவை. இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள்.

கால் முதலில் வந்தது. கோலை ஊன்றிக்கொண்டு, இடது பாதத்தை இழுத்து இழுத்து வாசல்வரை போனேன். வாசல் நிலையின் இடப்பக்கத்தில் தினமும் தோளை இடித்துக்கொண்டேன். அருணாசலம் அங்கே பழைய துணியைச் சுற்றிவைத்தான். தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகினேன். திருப்பிய பக்கம் அறையின் மறுபாதி இருந்தது. அடுப்படி, வாசல், அதற்கு வெளியே வெட்டி முடித்த கரும்புத் தோட்டம். எல்லாம் எனக்காக யாரோ அப்போதுதான் கொண்டுவந்து வைத்த மாதிரி ஈரமாக, புதிதாக இருந்தன. சரியாகச் சொன்னால், எனக்கு அவற்றின்மேல் முழு நம்பிக்கை வரவில்லை. திரும்பினால் இருக்கிறது. திரும்பாவிட்டால்?

வெட்டு முடிந்து மழை தொடங்கியபோது இடது கட்டைவிரல் அசைந்தது. பெண்கள் இருவரும் தோட்டத்துக்குப் போயிருந்த நேரம். "என் கை" என்றேன். சொன்னவுடன் பக்கத்தில் படுத்திருந்த யாரோ கொஞ்சம் நகர்ந்து இடம் விட்ட மாதிரி இருந்தது. டாக்டரின் விளக்கம் எனக்கு மனப்பாடம். இருந்தும் வேண்டாமென்று நிறுத்தினேன். மறுநாள் மறுபடியும் சொன்னேன்.

காலையில் நான் கையைப் பழக்குவேன். மத்தியானம் தாயம்மா வந்து உட்காரும்போது அதைச் செத்த கையாக்கிக் கிடத்துவேன். உயிருள்ள கையை உயிரில்லாதது மாதிரி வைத்திருப்பது எளிதில்லை. யாராவது விரலைப் பிடித்தால் விரல் திரும்பப் பிடிக்கப் பார்க்கும். ஒருநாள் பிடித்தேவிட்டது. கொஞ்ச நேரம் எண்ணெய்க் கிண்ணம்கூட அசையவில்லை. பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி உருவிவிடத் தொடங்கினாள். யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

தைப்பூசம் நெருங்கியது. காமாட்சி பித்தளைக் குடத்தை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தாள்.

"எங்க, ரெண்டு கையையும் தூக்குங்க பாப்பம்."

வலது கையை மட்டும் தூக்கினேன். அவள் அப்படியே குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காலு வந்துடுச்சு, வாய் நேராயிடுச்சு. இது மட்டும் ஏன் வரமாட்டேங்குது? எதுல கொற வெச்சேன் நான்?"

அன்றிலிருந்து அவள் உப்பில்லாமல் சாப்பிட்டாள். வெறும் தரையில் படுத்தாள். போதாதென்று, கோயிலைச் சுற்றி அங்கப்பிரதட்சணம் செய்வதாகச் சொன்னாள். அவளுக்கு முழங்கால் இரண்டும் வீங்கியிருக்கும். குனிந்து கோலம் போடவே முனகுவாள். அந்த உடம்போடு மழைச் சேற்றில் உருளப்போகிறாள். எதற்காக? என் போர்வைக்குள்ளே ஏற்கெனவே வந்துவிட்ட கைக்காக.

இனி முடியாது என்று தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் தகரக் கூரையில் மழை கொட்டியது. தாயம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள். கையை எடுத்து மடியில் வைத்தாள். நான் தலையைத் திருப்பினேன். முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரியாமலேயே அவள் கிழவியாகிவிட்டிருந்தாள்.

"தாயம்மா" என்றேன். அவள் பெயரை அவளிடமே நான் சொன்னது அதுதான் முதல்முறை. "இது என் கை."

அவள் எழுந்து ஓடவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள், மூத்தார் எதிரில் போடவேண்டிய மாதிரி. ஆனால் கையை விடவில்லை.

"தெரியும், மூத்தவரே."

"எப்போதிலிருந்து?"

"மழ ஆரம்பிச்சதுலேர்ந்து. கை சுட ஆரம்பிச்சிடுச்சு." அவள் என்னைப் பார்க்காமல் கையைப் பார்த்தே பேசினாள். "அவரு கை சில்லுன்னுதான் இருந்துச்சு. கடல்லேர்ந்து வந்தவரு. சூடு வந்தப்பவே அவரு எறங்கிட்டாருன்னு தெரியும்."

"தெரிந்தும் ஏன் தினமும் வந்தாய்?"

"நீங்க வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் வெச்சிருக்கலாம்னு பாத்தேன்." விரலை உருவிவிட்டபடியே, "ஒரு கட்டு கரும்ப விட்டுக்கொடுக்கமாட்டீங்க. இத்தன நாள் விட்டு வெச்சதே பெருசு" என்றாள்.

மழை குறையவில்லை. பிறகு அவள் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு. அவரு ஒடம்பு கெடைக்கல. புல்லுல பொம்ம செஞ்சு எரிச்சீங்க. எனக்கு அது மனசே ஆறல. இந்தக் கையால கடல்ல ஒரு தடவ தண்ணி விடுங்க."

"இடது கையால் விடக்கூடாது" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு முறைதான் வாயில் வந்தது.

"ஊருக்கு அது பீச்சாங்கை. எனக்கு அது அவரு கை."

கையை என் பக்கமாக வைத்து, போர்வையை இழுத்து அதை மூடினாள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவள் போவதைக் கடைசிவரை பார்த்தேன், நடுவில் மறையவில்லை.

காமாட்சியிடம் அன்று மாலையே சொன்னேன், பழக்கியதையும் மறைத்ததையும் தாயம்மா கேட்டதையும். கையைத் தூக்கியும் காட்டினேன். அவள் என்னை அடிக்கத்தான் வந்தாள். தூக்கிய கையைப் பார்த்துவிட்டு, சேலையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, முதல் வேலையாக ஒரு சிட்டிகை உப்பை வாயில் போட்டுக்கொண்டாள். "கடலுக்கு எப்ப போறோம்?" என்றாள்.

தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு காலை அருணாசலம் வண்டி கட்டினான். கருங்கல் பாறைகளுக்கு மேலே, அலை தெறிக்காத தூரத்தில் நிறுத்தினான். காமாட்சி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். தாயம்மா எங்களுக்குப் பின்னால் தள்ளி நின்றாள். எள்ளும் தண்ணீரும் இருந்த செம்பை இடது கையில் வாங்கினேன். கட்டைவிரலும் மற்ற மூன்றும் செம்பைப் பற்றின. சுண்டுவிரல் சேரவில்லை, தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. சாய்த்தேன். தண்ணீர் பாறையில் விழுந்து, அலை வந்து அதைக் கழுவிக்கொண்டு போயிற்று.

எண்ணிப் பார்க்கும் வழக்கம் எனக்கு எங்கேயும் உண்டு. அன்று நான் அலைகளை எண்ணவில்லை.

பின்னால் தாயம்மா ஏதோ சொன்னாள். கடல் இரைச்சலில் கேட்கவில்லை. எனக்குச் சொன்னதும் இல்லை.

பூசத்தன்று இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தோடு கோயில்வரை நடந்தேன். காமாட்சி இடப்பக்கம் நடந்தாள். பாதிப் பால் என் இடது தோளில் வழிந்தது. மீதி சாமிக்குப் போயிற்று. குறை ஒன்றுமில்லை என்றார் பூசாரி.

இப்போது நான் பாலான்ஸுக்குப் போவதில்லை. அருணாசலம்தான் எழுதுகிறான், கட்டுகளைப் பார்க்காமலே எழுதுகிறான் என்று எனக்குச் சந்தேகம். என் உடம்பு குணமாகிவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். குணமாவது என்றால் பழைய உடம்பு திரும்பி வருவது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இரவல் கொடுத்திருந்த ஒன்றைத் திருப்பி வாங்கியது போல் இருக்கிறது. பிறர் புழங்கிய அடையாளம் அதில் இருக்கிறது. காலமும் முன்போல் ஓடுவதில்லை. முன்பெல்லாம் நாள் எனக்கு முன்னால் வந்து நின்று எண்ணிக்கொள்ளச் சொல்லும். இப்போது ஒவ்வொன்றையும் கழுத்தைத் திருப்பித்தான் தேடிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

சுண்டுவிரல் வரவில்லை. இனி வராது என்கிறார் டாக்டர். தொட்டால் சில்லென்று இருக்கும். ஆடி மாதக் குளிரில் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினால் இன்றும் நான்குதான் வருகிறது. இதை இங்கேதான் முதலில் சொல்கிறேன்.

தாயம்மா பழையபடி கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். என்னிடம் நேராகப் பேசுவதில்லை. நானும் அவள் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் மத்தியானத் தேநீரை அவள்தான் கொண்டுவந்து வைக்கிறாள். வீட்டில் மற்றவர்கள் என் வலப்பக்கத்தில் வைப்பார்கள். அவள் இடப்பக்கம் வைக்கிறாள். வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். குடித்து முடித்த எனாமல் குவளை பலகையில் படும் சத்தம் கேட்ட பிறகுதான் அங்கிருந்து போகிறாள்.

நான் இடது கையால் குவளையை எடுக்கிறேன். தேநீர் ஆறிப்போகிறது. மெதுவாகவே குடிக்கிறேன்.